சப் இரண்டு, ஷேக்கர் நான்கு, இருந்தும் திருப்தி இல்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஹோம் தியேட்டர் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டிய வெளிநாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்தச் சுவர் தாழ்ந்த ஒலியில் கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். மரத்தளம் சோபாவோடு சேர்ந்து அதிரும். தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் வீடு அப்படியா இருக்கிறது? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தலைக்கு மேல் கான்கிரீட், காலடியில் டைல்ஸ். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்.

இதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. சில ஹெர்ட்ஸில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சுவருக்குச் சுவர் மோதி வீங்குகிறது. அதே ஹெர்ட்ஸ் வேறு இடத்தில் சுத்தமாகக் காணாமல் போகிறது. இது ஒன்று. தரை அசைவதே இல்லை என்பதால் காதுக்குக் கேட்பது உடம்புக்குத் தெரிவதில்லை. இது இன்னொன்று. முதல் பிரச்சினைக்கு மருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர், சுருக்கமாகச் சப், அதாவது பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி. இரண்டாவதற்கு மருந்து சோபாவின் அடியில் பூட்டும் ஷேக்கர், அதாவது பேஸை அதிர்வாக மாற்றும் கருவி. சத்தத்தைக் கூட்டுவதற்கு என்று நினைத்து வாங்கினால் இரண்டுமே கைவிடும். கீழே வரும் புகார்களில் பாதிக்கு மேல், யாரோ முதல் வேலையாக கெயின் (சத்த அளவு) குமிழைத் திருகியதில் ஆரம்பித்தவைதான்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பெட்டி இருக்கும் இடம், அப்புறம் போலாரிட்டியும் (ஸ்பீக்கர் கூம்பு தள்ளும் திசை) நேரமும், அப்புறம் அளவு, அப்புறம் ஈக்யூ (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டுவது, வெட்டுவது). ஷேக்கரை எல்லாம் முடிந்த பிறகு தொடலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

கையில் எடுப்பதற்கு முன்

அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், லேப்டாப்பில் சொருகும் யுமிக்-1 போன்ற ஒரு யுஎஸ்பி மைக், சாதாரண மல்ட்டிமீட்டர், டேப். இவ்வளவு போதும். மைக் வாங்க மனம் வரவில்லை என்றால் போனில் ஒலி அளக்கும் செயலி வைத்தும் ஓரளவு ஓட்டலாம். ஆனால் அதை ‘ஏ’ எடை (dBA) என்ற அளவுமுறையில் வைத்துப் பார்க்காதீர்கள். ‘ஏ’ எடை 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலைக் கழித்துவிடுகிறது, 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலை. ‘சி’ எடைக்கு மாற்றுங்கள். அப்போதும் ஒரே ஹெர்ட்ஸில் முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று ஒப்பிட மட்டும்தான் போன் உதவும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது.

மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசியையும். எண்ணூர் விரைவுச் சாலையோரம் வீடு என்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல், நாம் அளக்க நினைக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் வந்து விழும். லாரி வரிசை நிற்காது, அளவுச் சத்தத்தைக் கூட்டினால் வீட்டில் சண்டை. மென்பொருளில் ஸ்வீப்பின், அதாவது தாழ்விலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலியின், நீளத்தைக் கூட்டுவதே நல்ல வழி. நீளத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலிலிருந்து சுமார் 3 டெசிபல் விலகல் கிடைக்கும்.

அறையின் கணக்கையும் ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்னைச் சூட்டில் 570-ஐ அறையின் அளவால், அதாவது அடிக் கணக்கால், வகுத்தால் அந்தத் திசையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது சுவருக்குச் சுவர் மோதி வீங்கும் ஹெர்ட்ஸ், வந்துவிடும். 15 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 38, 52, 57 ஹெர்ட்ஸ். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து என்றால் மூன்றும் 57-லேயே வந்து குவியும். அந்த அறையைத் தியேட்டராக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: வேறு அறை இருந்தால் அங்கே போங்கள்.

“இரண்டாவது சப் வாங்கினேன், பேஸ் குறைந்துவிட்டது”

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். அதில் ஒன்று கோளாறே இல்லை.

முதலில் போலாரிட்டி. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால், கரையில் நிற்கும் ஒரே படகை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தள்ளும் கதைதான். இதைச் சோதிக்க இரண்டு சப்பையும் அருகருகே கொண்டுவந்து வைத்து, இரண்டுக்கும் ஒரே 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுங்கள். ஒன்றின் பின்னால் இருக்கும் 0/180 சுவிட்சை மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் சத்தம் அதிகமோ அந்த நிலையில் இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. அதைக் குறித்துக்கொண்டு பெட்டிகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். உள்ளே ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாத பெட்டியாக இருந்தால் இன்னும் சுலபம். சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கள் செய்வதுபோல, ஆம்ப் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை சிவப்பு முனையிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று கூம்பு வெளியே வந்தால் வயரிங் சரி. உள்ளே போனால் பெட்டிக்குள் யாரோ மாற்றிச் சாலிடர் வைத்திருக்கிறார்கள். காசிமேட்டில் ஒரு வீட்டில் பழைய மேடைப் பெட்டி ஒன்றைச் சப்பாக மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கும் சப்புக்கும் அனுப்பும் ரிசீவரின் அமைப்பை எவ்வளவு புரட்டியும் பிடிபடாத கோளாறு அந்த ஒரு ‘டப்’பில் பிடிபட்டது. கூம்பு உள்ளே போனதைப் பார்த்ததும் வீட்டுக்காரர், “இன்னா அண்ணே, இதுக்கா இவ்ளோ நாள்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, நேரம். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 4.3 மீட்டர். ஒரு சப்பைவிட இன்னொன்று உங்களுக்கு 7 அடி கிட்டே இருந்தால் அரை அலை வித்தியாசம் வந்துவிடுகிறது, அந்த ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று அழிக்கும். கிட்டே இருப்பதற்கு 6 மில்லி செகண்ட் அளவு டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும். அடிக்கு 0.9 மில்லி செகண்ட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில ரிசீவர்களின் பின்னால் இரண்டு சப் துளை இருக்கும், ஆனால் உள்ளே ஒரே சிக்னல்தான் பிரிந்து வரும். அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனித் தூரம் போட இடமில்லை என்றால் உங்களுடையது அந்த வகை. அப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாக டிலேயும் ஈக்யூவும் கொடுக்கும் மினிடிஎஸ்பி 2x4 எச்டி போன்ற ஒரு பெட்டி நடுவில் தேவைப்படும். அதில் நான்கு வெளியீடு இருப்பதால் ஷேக்கருக்கும் அதுவே ஆகும்.

மூன்றாவது, ஜோடி பொருந்தாமை. ஒன்று போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி, இன்னொன்று மூடிய பெட்டி என்றால், போர்ட்டின் டியூனிங் ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இரண்டின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேரம்) வேறு வேறு பாதையில் போகும். 50-க்கு மேலே அருமையாகச் சேர்ந்து, 20-களில் ஒன்றை ஒன்று தின்னும். எந்த டிலே கொடுத்தாலும் ஒரு பக்கம் சரியானால் மறு பக்கம் கெடும். ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வது இதற்காகத்தான். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் மல்ட்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்து, அது சொல்லும் சமரசத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

நான்காவதுதான் கோளாறே இல்லாதது. முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று என்று வைத்து, இரண்டும் ஒரே போலாரிட்டியில் ஓடினால், நீளவாக்கின் முதல் ஒத்ததிர்வு தூண்டப்படாமல் அடங்கிப்போகும். நம் உதாரண அறையில் அது 38 ஹெர்ட்ஸ். இத்தனை நாள் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து அந்த 38-ஐத்தான் ‘செம பேஸ்’ என்று ரசித்துக்கொண்டிருந்தீர்கள். அது போனதும் வெறுமையாகத் தெரிகிறது. மென்பொருள் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். கோடு முன்பைவிடச் சமமாக இருந்தால் இரண்டு சப்பின் அளவையும் சேர்த்து 3, 4 டெசிபல் கூட்டுங்கள், காது பழகட்டும். ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி செய்த ஆய்வுகளில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளி திரும்பத் திரும்ப நல்ல இடமாக வந்தது. நான்கு சப் என்றால் நான்கு சுவர்களின் நடு, இல்லையென்றால் நான்கு மூலை.

எதுவாக இருந்தாலும் உறுதி செய்யும் வழி ஒன்றுதான். முதல் சப்பை மட்டும் ஓடவிட்டு ஒரு அளவு, இரண்டாவதை மட்டும் ஒரு அளவு, இரண்டும் சேர்ந்து ஒரு அளவு. மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போடுங்கள். சேர்ந்த கோடு தனிக்கோடுகளைவிட 6 டெசிபல் வரை மேலே போகும் இடங்களில் நட்பு. தனிக்கோட்டுக்கும் கீழே இறங்கும் இடத்தில் சண்டை. எந்த ஹெர்ட்ஸில் சண்டை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

“நடு சோபாவில் ஒன்றுமே இல்லை, பின்னால் காது அடைக்கிறது”

டேப் எடுங்கள். சோபா அறையின் நீளத்தில் சரிபாதியில் இருக்கிறதா? அங்கேதான் முதல் ஒத்ததிர்வின் பள்ளம். 15 அடி அறையில் 7.5 அடியில் 38 ஹெர்ட்ஸ் இருக்காது. அதே சத்தம் பின்சுவரில் மலையாக இருக்கும். பள்ளத்தை ஈக்யூ போட்டு நிரப்ப முயலாதீர்கள். 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. கொடுத்த அத்தனையும் சுவரில் பட்டு வந்து தன்னையே அழித்துக்கொள்ளும். பள்ளம் அப்படியே இருக்கும், கூம்பு மட்டும் தட்டும்.

சோபாவை முன்சுவரிலிருந்து 10 அடிக்குத் தள்ள முடியுமா பாருங்கள். இரண்டரை அடி நகர்த்தியதில் கிடைப்பது இன்னொரு சப்பின் விலைக்குக் கிடைக்காது. கதவு இடிக்கிறது, பீரோ வழிமறிக்கிறது, பூஜை அலமாரியை நகர்த்த அம்மா விடமாட்டார்கள் என்றால் சப்பை நகர்த்துங்கள். பழைய உபாயம் ஒன்று உண்டு: சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சப் வைக்க வாய்ப்புள்ள மூலைகளில் எல்லாம் குனிந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் சமமாக வருகிறதோ அங்கே பெட்டி. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பலிக்கும். இரண்டாவது சப்புக்கு இந்த உபாயம் அவ்வளவாக உதவாது. அதற்கு மைக்தான்.

“எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே ‘டொம்’”

மிருதங்கத்தின் தொப்பியில் குமுக்கி போடும்போது ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வீங்கி, மற்ற இடம் ஒல்லியாகக் கேட்டால் அங்கே ஒரு ஒத்ததிர்வு உட்கார்ந்திருக்கிறது. கானா பாட்டின் டோலக்கும் படத்தில் வெடிக்கும் குண்டும் ஒரே குரலில் பேசுவது அதனால்தான்.

முதலில் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். ரிசீவரில் ‘எல்எஃப்இ பிளஸ் மெயின்’ என்று போட்டிருந்தால் வெறும் ‘எல்எஃப்இ’க்கு (சப்புக்கென்றே வரும் பேஸ் சேனல்) மாற்றுங்கள். அந்த அமைப்பு ஒரே பேஸை ஸ்பீக்கர், சப் இரண்டுக்கும் அனுப்புகிறது. அடுத்தது, இரவில் சத்தம் குறைத்து வைக்கும்போது மட்டும் இந்த ‘டொம்’ வருகிறதா? சில ரிசீவர்களில் இருக்கும் ஆடிஸி என்ற ஒலி சீரமைப்பின் டைனமிக் ஈக்யூ, குறைந்த சத்தத்தில் பேஸைத் தானே கூட்டும். அதை அணைத்துக் கேளுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் அறைதான். இங்கே ஈக்யூ நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெட்டுவதற்கு ஆம்ப்பிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எந்தச் சிகரம் எல்லா இருக்கையிலும் பொதுவாக வருகிறதோ அதை மட்டும் வெட்டுங்கள். இரண்டு சப்பும் சேர்ந்த கோட்டைப் பார்த்து வெட்டுங்கள், தனித்தனியாக வேண்டாம். முழுவதும் மட்டமாகவும் தட்ட வேண்டாம். 80-லிருந்து 20 நோக்கி 4, 5 டெசிபல் ஏறிக்கொண்டே போகும் கோடுதான் பெரும்பாலான காதுகளுக்கு இதமாக இருக்கிறது. ஜன்னல் திரையோ, முட்டை அட்டையோ, ஒரு அங்குல ஃபோமோ 38 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அதை விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

“அடி ஸ்பீக்கரில் ஒரு தடவை, சப்பில் ஒரு தடவை”

80 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஸ்பீக்கரும் சப்பும் ஒன்றாகச் சேரவில்லை. சப்பின் பின்னால் இருக்கும் லோ-பாஸ் (மேல் ஒலியை வெட்டும்) குமிழ் பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். ரிசீவர் ஏற்கெனவே வெட்டுகிறது, சப்பும் வெட்டினால் கிராஸ்ஓவரில், அதாவது ஸ்பீக்கரிடமிருந்து சப்புக்கு ஒலி கைமாறும் இடத்தில், குழி விழும். குமிழை முழுவதும் மேலே திருப்புங்கள், ‘எல்எஃப்இ’ துளை இருந்தால் அதில் சொருகுங்கள்.

அப்புறம் தூரம். ஆட்டோ கேலிப்ரேஷன் (ரிசீவர் தானே மைக்கில் அளந்து அமைப்பது) ஓட்டிய பிறகு சப் 11 அடியில் இருக்க ரிசீவர் 16 என்று காட்டும். பலர் இதைத் ‘திருத்தி’ விடுகிறார்கள். திருத்தாதீர்கள். சப்பின் உள்ளே இருக்கும் டிஎஸ்பியும் (ஒலியைத் திருத்தும் சிப்) ஃபில்டரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை ரிசீவர் தூரமாக மாற்றிச் சொல்கிறது. நடு ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஓடும்போது 60 முதல் 100 வரை அளந்துகொண்டே, சப் தூரத்தை ஒவ்வொரு அடியாக ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். குழி எந்த எண்ணில் நிரம்புகிறதோ அங்கே நிறுத்துங்கள். தூரத்தைக் கூட்டினால் மற்ற ஸ்பீக்கர்கள் தாமதமாகும், அதாவது சப் முந்தும். இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

“ஓயாமல் உம்ம்ம் என்கிறது”

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், இல்லையென்றால் 100. சப்பிலிருந்து ஆர்சிஏ கேபிளைப் பிடுங்குங்கள். உறுமல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த்துக்கு நடுவே கேபிள் வழியே ஓடும் கரண்ட். இப்போது கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரை மட்டும் கழற்றுங்கள். நிறைய வீட்டில் கதை இங்கேயே முடியும். தெருவுக்குத் தெரு தொங்கும் அந்த வயரின் எர்த் வேறு, உங்கள் வீட்டு எர்த் வேறு. கோஆக்ஸியல் ஐசொலேட்டர் ஒன்று அங்கே போடுங்கள். லேப்டாப் சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் அளவீட்டில் உறுமல் வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் அளங்கள்.

மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் வெட்டாதீர்கள். உறுமல் நிற்கும், உண்மைதான். ஆம்ப் உள்ளே ஷார்ட் ஆன நாளில் 230 வோல்ட் பெட்டியின் உலோகத்தில் நிற்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆர்சிஏ இணைப்பு ரிச்சி தெருவில் கிடைக்கிறது. தாழ்ந்த பேஸைத் தின்னாத தரமானதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடலோர வீடுகளுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் எர்த் கம்பியின் இணைப்பும் ஆர்சிஏ முனைகளும் பச்சை பூக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்து, சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சப்பை விடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சீற்றம் வருகிறதென்றால் அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்காது.

“படம் நடுவில் சப் தூங்கிவிடுகிறது”

ஆட்டோ ஸ்டாண்ட்பை விழித்துக்கொள்ளும் அளவுக்கு சிக்னல் வரவில்லை. ரிசீவரில் சப் அளவு மைனஸ் 10, மைனஸ் 12 என்று இருக்கும். சப்பின் கெயினைக் குறைத்து, ரிசீவரில் மைனஸ் 3 பக்கம் வருமாறு ஏற்றுங்கள். அல்லது சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே விட்டுவிடுங்கள்.

“எங்கோ கடகடக்கிறது”

சப் கிழிந்துவிட்டது என்று அடித்துப் பிடித்து வருவார்கள். பெரும்பாலும் பீரோ. அளக்கும் மென்பொருளின் ஒலி ஜெனரேட்டரில் 20 முதல் 100 வரை மிக மெதுவாக ஓடும் ஒற்றை ஒலியைப் போட்டுவிட்டு ஒருவர் அறையைச் சுற்றி வர வேண்டும். எது எந்த ஹெர்ட்ஸில் பேசுகிறது என்று அப்போது தெரியும். பீரோக் கைப்பிடி ஒரு ஹெர்ட்ஸில், பரணில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் அண்டா இன்னொன்றில், ஜன்னல் கொக்கி, டியூப்லைட் பட்டி, சுவிட்ச்போர்டு மூடி ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் பாடும். உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், நின்றால் அதுதான். அண்டாக்களுக்கு நடுவே பழைய துணி, பீரோக் கதவு ஓரத்தில் ஃபெல்ட், போர்டு மூடிக்கு ஸ்குரூவை முறுக்குதல். போர்டைத் தொடும்முன் மெயினை அணைத்துவிடுங்கள். சப்பின் அளவை ஏற்றிய ஒவ்வொரு முறையும் இந்தச் சுற்று மறுபடியும் வேண்டும்.

ஷேக்கர் பக்கம் வந்தால்

முதலில் கட்டமைப்பு. “ஷேக்கர் ஓடுகிறது, சோபாவில் ஒன்றும் தெரியவில்லை” என்றால் கீழே குனிந்து சோபாவின் கால்களைப் பாருங்கள். மரக்கால் நேராக டைல்ஸில் நிற்கும். ஷேக்கர் தள்ளும் சக்தி தன்னோடு சேர்த்து ஒரு கட்டடத்தையே அசைக்கப் பார்க்கிறது, முடியாமல் போகிறது. நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் வேண்டும். வாஷிங் மெஷினுக்கு விற்கும் கனமான ரப்பர் பாதங்களே போதும். ஆள் உட்கார்ந்த பிறகும் ரப்பர் முழுவதும் நசுங்காமல் கொஞ்சம் துள்ள வேண்டும். அப்புறம் ஷேக்கரை எதில் பூட்டியிருக்கிறீர்கள்? உட்காரும் இடத்துக்கு அடியில் இருக்கும் கனமான குறுக்குச் சட்டத்தில், 18 மில்லி பிளைவுட் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்க வேண்டும். மெல்லிய துணி அடிப்பாகத்திலோ, இரட்டைப் பக்க டேப்பிலோ இருந்தால் சக்தி அங்கேயே வீணாகிறது. ரிக்ளைனராக இருந்தால் இரும்பு மடிப்புப் பாகத்தில் பூட்டாதீர்கள், கிலுகிலுப்பை ஆகிவிடும். ஒரே சோபாவில் இரண்டு ஷேக்கர் இருந்தும் நடுவில் உட்கார்பவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால், ஒன்றின் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வசனம் பேசும்போதெல்லாம் முதுகு கூசுகிறதா? ஆண்குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பிக்கிறது. ஸ்பீக்கர் சிறியது என்று கிராஸ்ஓவரை 120-இல் வைத்திருந்தால் குரலும் சப் வயர் வழியே வந்து ஷேக்கருக்குப் போகிறது. ஷேக்கருக்கான லோ-பாஸைத் தனியாக 50, 60-க்கு இறக்குங்கள். வில்லன் உறுமினால் அவர் உங்கள் முதுகெலும்பில் வந்து பேசக்கூடாது.

எல்லாக் காட்சியும் ஒரே ‘ர்ர்ர்’ என்றால் ஷேக்கரின் சொந்த ஒத்ததிர்வு பேசுகிறது. சின்ன வட்டு வகை ஷேக்கர்கள் 40 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகத் துள்ளும். சோபாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு 20 முதல் 80 வரை ஓடவிட்டு, எங்கே கை மரத்துப்போகிறதோ அங்கே 6 முதல் 10 டெசிபல் வரை வெட்டுங்கள். ஒரே ஒலியை வெகுநேரம் ஓடவிட்டுச் சுருளைச் சுட்டுவிடாதீர்கள், சில நொடிகள் போதும். வெடிக் காட்சியில் ‘டக் டக்’ என்று உலோகம் இடித்தால் 20-க்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் வையுங்கள்.

அறைக்காகப் போட்ட ஈக்யூ ஷேக்கருக்கும் போகிறதா என்பதையும் பாருங்கள். 38-இல் அறை வீங்குகிறது என்று நீங்கள் வெட்டியதை சோபாவும் இழக்கும். சோபாவுக்கு ஏது சுவர்? மினிடிஎஸ்பியில் அறை ஈக்யூவை உள்ளீட்டுப் பக்கம் போடாமல் சப்புகளின் வெளியீட்டில் மட்டும் போட்டால் ஷேக்கர் வெளியீடு சுத்தமாக இருக்கும்.

அடி முதுகில் முதலில் விழுந்து காதில் பிறகு கேட்டால், அது இயல்புதான். ஷேக்கர் உடம்பை ஒட்டியிருக்கிறது, சப்பின் ஒலி 11 அடி காற்றில் நடந்து வர 10 மில்லி செகண்ட் ஆகிறது, சப்புக்குள் டிஎஸ்பி இருந்தால் அதன் தாமதமும் சேரும். ஷேக்கருக்கு அந்தத் தொகையை டிலேயாகக் கொடுத்து, ஒற்றை டிரம் அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஓரிரு மில்லி செகண்டாக நகர்த்துங்கள். சேர்ந்த இடத்தில் அடி திடீரென்று கனமாகும். பலர் அந்த இடத்தில் சப்பின் சத்தம் கூடிவிட்டது என்றே சத்தியம் செய்வார்கள்.

ஆம்ப் அணைந்து அணைந்து வந்தால் வயரிங்கை வரைந்து பாருங்கள். 4 ஓம் ஷேக்கர் இரண்டைப் பேரலலில் போட்டால் 2 ஓம். பெரும்பாலான சின்ன கிளாஸ் டி ஆம்ப் அதைத் தாங்காது. நான்கு இருந்தால் இரண்டிரண்டாக சீரிஸில் போட்டு, அந்த இரண்டு ஜோடியைப் பேரலலில் இணைத்தால் மறுபடி 4 ஓம். மல்ட்டிமீட்டரில் 3.2, 3.5 என்று கொஞ்சம் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம். ஒன்றரை என்று காட்டினால் சுவிட்ச் போடாதீர்கள்.

அளவு வைப்பது ரசனை, ஆனாலும் ஒரு சோதனை உண்டு. கால் மணி நேரம் படம் பார்த்துவிட்டு ஷேக்கர் ஆம்ப்பை அணையுங்கள். படம் சப்பென்று ஆகிவிட்டால் அளவு சரி. போட்டிருக்கும்போதே ‘அடியில் மோட்டார் ஓடுகிறது’ என்று தோன்றினால் 3 டெசிபல் குறையுங்கள். புதிதாகப் பூட்டியவர்கள் எல்லோரும் இரட்டிப்பாகத்தான் வைக்கிறார்கள், ஒரு வாரத்தில் தானே இறக்கிவிடுகிறார்கள்.

“கீழ் வீட்டு ஓனர் அம்மா மேலே வந்துவிட்டார்”

சப்பின் அடியில் ஃபோம் போட்டால் போதும் என்பார்கள். பெட்டியின் அதிர்வு தரைக்கு நேராக இறங்குவதை அது குறைக்கும், டைல்ஸ் முணுமுணுப்பதும் நிற்கும். ஆனால் 30 ஹெர்ட்ஸ் காற்று வழியே சுவரையும் தளத்தையும் அசைத்துக்கொண்டு போவதை எந்த ஃபோமும் தடுக்காது. போனில் 45 டெசிபல்தான் காட்டுகிறது என்று அவரிடம் வாதாடாதீர்கள். அந்த எண் ‘ஏ’ எடை, பேஸைக் கழித்துவிட்ட எண். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை அந்த 45தான் எல்லை. கீழே படுத்திருப்பவருக்கோ தலையணை அதிர்கிறது.

இங்கேதான் ஷேக்கர் தன் காசை ஈட்டுகிறது. மினிடிஎஸ்பி 2x4 எச்டியில் நான்கு அமைப்புகளைச் சேமிக்கலாம். ஒன்றில் பகல் அளவு. இன்னொன்றில் சப் இரண்டையும் 8 முதல் 10 டெசிபல் இறக்கி, 30-க்குக் கீழே இன்னும் வெட்டி, ஷேக்கரை 3 டெசிபல் ஏற்றி வையுங்கள். ஆடிஸியில் டைனமிக் ஈக்யூவை இரவில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் இறக்கியதை அது ஏற்றிவிடும். இரவு அமைப்பைப் போட்டுவிட்டு, ஒருவர் கீழே போய் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். சப்பை அணைத்தும் கீழே ஏதாவது கேட்டால் அது ஷேக்கர். சோபாவின் ஏதோ ஒரு கால் ரப்பரைவிட்டு நழுவி டைல்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கும், தூக்கிச் சரியாக வையுங்கள்.